தள்ளி வெச்ச மீன்

அந்தப் பை சாயுதுங்க தம்பி. மடியில வெச்சு ரெண்டு கையாலயும் அணைச்சாப்ல பிடிச்சுக்கங்க. சிங்காநல்லூரத் தாண்டிட்டா இந்த டிரைவர் பள்ளம் மேடு பாக்க மாட்டான். தாராபுரம் போய்த்தான் மூச்சு விடுவான்.

மீனுதானுங்களே உள்ள? பேப்பரு சுத்தியிருந்தாலும் பை உப்பியிருக்கறதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. என்னங்க, சிக்லிட்டா? ஆப்பிரிக்கா மீனு? பாருங்க, இத்தன சீட்டு காலியாக் கெடக்குது, நான் தேடி வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். எங்க வூட்லயும் அதேதானுங்க. இல்ல இல்ல, பேப்பரப் பிரிக்க வேண்டாம். வெளிச்சம் பட்டா பயந்துக்கும்.

நான் தாராபுரத்துக்கு எங்கக்கா வூட்டுக்குப் போறேன். விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என்ர சம்சாரம் சாந்தாமணிதான், கொஞ்ச நாளைக்கு அக்கா வூட்ல இருந்துட்டு வாங்கன்னு பையக் கட்டிக் குடுத்துட்டா. எப்பத் திரும்பி வரணும்னு கேட்டேன். நாங்க கூப்படறமுங்கன்னா. எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க தம்பி. முன்னப்பின்னத் தெரியாத உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம். கூப்பிடுவாங்களா, மாட்டாங்களான்னு பயமா இருக்குது. சண்ட கிண்டயெல்லாம் ஒண்ணுமில்ல. அதுதான் பயமே. சண்ட போட்டிருந்தா என்ன ஏதுன்னாவது தெரிஞ்சிருக்கும்.

அது கெடக்குது வுடுங்க. மீனப் பத்திப் பேசலாம்.

என்ர பேரு சென்னியப்பனுங்க. பம்பு கம்பெனியில அசெம்பிளி செக்சனுக்கு சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். நான் நடந்து வர்ற ஷூ சத்தம் கேட்டாலே செக்சன்ல பேச்சு நின்னுபோகும். அப்படி ஒரு மரியாதை. ரிட்டயர் ஆனதுக்குப் பொறவு வூடே கதின்னு ஆயிப்போச்சு. நாள் பூராவும் வூட்ல உக்காந்து பாத்தாத்தானுங்க தெரியுது, அங்க எத்தன கோளாறுன்னு. பருப்பு டப்பா ஒரு மூலைல, புளி டப்பா ஒரு மூலைல. சாந்தாமணிக்குப் பக்கத்து வூட்டு அம்மாகிட்ட மதில் மேல கைய வெச்சுட்டு மணிக்கணக்காப் பேச்சு. எல்லாத்தையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தேன். சாந்தாமணி எப்பவும் எதுத்துச் சொல்ல மாட்டா. அந்த வகையில நான் குடுத்து வெச்சவனுங்க.

பொண்ணு ஒண்ணுதான், கௌசிகா. சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் கம்பெனில வேல. வேலைக்குச் சேந்ததும் மொத வேலையா ஒரு கண்ணாடித் தொட்டிய வாங்கி ஹாலுல வெச்சுப்போட்டா. சோபா நீளம் இருக்குமுங்க. உள்ள சின்னச் சின்னதா மீனுங்க, அரைச்ச மஞ்சள் நெறம். கல்லு மேல கல்லா அடுக்கி, பொந்து பொந்தா வேற பண்ணி வெச்சிருந்தா. வேல வுட்டு வந்தா அம்மாளும் பொண்ணும் கீழ உக்காந்துட்டு அதையே பாத்துட்டு இருப்பாங்க. குசுகுசுன்னு என்னமோ பேசிக்குவாங்க. நான் போனா எந்திரிச்சுக்குவாங்க, டீ வேணுங்களான்னு.

நான் ஒண்ணும் மீனுக்கு விரோதியில்ல தம்பி. அதுங்க நல்லா இருக்கணும்னுதான் எல்லாம் பண்ணினேன். அதச் சொன்னா இவங்களுக்குப் புரியல.

மொத விஷயம் தண்ணி. எங்க வூட்ல ரெண்டு பைப்புங்க. ஒண்ணு சிறுவாணித் தண்ணி, நல்ல தண்ணி. இன்னொண்ணு போர் தண்ணி, உப்பு. வாளியில புடிச்சு வெச்சா ஓரமெல்லாம் வெள்ள வெள்ளயாப் படியும். தொவைக்கறதுக்கும் பாத்ரூமுக்கும்தான் ஆகும். ஒரு நாளு பாக்கறேன், சாந்தாமணி வூட்டுக்குப் பின்னால, பொடக்காலியிலிருந்து அந்த உப்புத் தண்ணியக் கொண்டாந்து தொட்டியில ஊத்தறா. எனக்கு எப்படி இருக்கும்? சிறுவாணி வர்ற வூட்ல, வாயில்லாத ஜீவனுக்கு உப்புத் தண்ணியா? ஒறம்பரைக்கு உப்புத் தண்ணி குடுப்பமா நாம? வர்றவங்க நம்ம மொகத்துல காறித் துப்ப மாட்டாங்க?

அவ என்னமோ சொல்ல வந்தா. "கௌசிகா படிச்சுப் பாத்துத்தானுங்க..." அப்படின்னு ஆரம்பிச்சா. நான் பாத்தேன். சும்மாதான் பாத்தேன். வாளிய வெச்சுட்டு உள்ள போயிட்டா.

அன்னிக்கே தொட்டித் தண்ணி பூராவும் எடுத்துப்போட்டு, நல்ல தண்ணியா ரொப்பினேனுங்க. முதுகு ஒடிஞ்சுபோச்சு. சந்தோசமா உக்காந்து பாத்தா, மீனுங்க எல்லாம் அடியில போயி ஒட்டிக்கிச்சு. செவுளு படபடன்னு அடிக்குது. மஞ்ச நெறம் வெளுத்து மோரு மாதிரி ஆகுது. புதுத் தண்ணி, பழக்கமாகறதுக்கு நேரமாகும்னு நெனச்சேன். சாயந்தரம் கௌசிகா வந்தா. தொட்டியப் பாத்தா. என்னயப் பாத்தா. ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. தாழ்ப்பாள் போட முடியாதுங்க, அதையெல்லாம் நான் அப்பவே கழட்டி வெச்சுட்டேன். வயசுப் பொண்ணு உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கறது எனக்குப் புடிக்காது. நல்லதுக்குத்தான்.

காலைல ஒரு மீனு மல்லாந்து கெடந்துச்சு.

அன்னிக்குத்தானுங்க பயம் தொத்துச்சு. செத்தது ஒரு மீனு. கோழி சாகுது, ஆடு சாகுது, அதுக்கெல்லாம் பயந்தா ஆகுமா? ஆனாலும் கௌசிகா எந்திரிக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போயி கறிவேப்பிலைச் செடிக்கு அடியில பொதச்சுப்போட்டேன். அவ எண்ணிப் பாத்துட்டு, "ஒண்ணக் காணமே அப்பா"ன்னா. கல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் கண்ணுன்னேன். சொல்லி முடிச்சப்பறந்தான் ஞாபகம் வருது, தண்ணி மாத்தறப்பவே கல்லையெல்லாம் நான்தானே எடுத்து வெளிய போட்டேன்.

ஆமாங்க, எடுத்துப்போட்டேன். பின்ன? ஒளிஞ்சுக்கறதுக்கா மீன வாங்கறது? வூட்ல இருக்கறவங்க யாரு எங்க இருக்காங்கன்னு பெரியவனுக்குத் தெரியணும். மீனுக்கும் அதேதான். சோபாவுல உக்காந்தா எல்லாம் கண்ணு முன்னால இருக்கணும். கல்ல எடுத்ததுக்கப்பறம் தொட்டி பளிச்சுன்னு இருந்துச்சுங்க. மீனுங்கதான் ஒரே மூலையில போயி குமிஞ்சு நின்னுதுங்க.

அப்பறம் பொரி. தெப்பக்குளத்துல பொரி போட்டா மீனுங்க எப்படி முட்டி மோதிட்டு வந்து திங்குது. அதே மாதிரி இதுங்களுக்கும் தெனமும் ஒரு கையளவு போட்டேன். அதுல ரெண்டுக்கு வயிறு உப்பிப் போச்சு. அதும் எம்மேலதான் வந்துச்சு. சோறு போட்டது தப்பா தம்பி? நீங்களே சொல்லுங்க.

என்னங்க? மொரட்டு மீனு ஒண்ணும் இல்லியான்னா? இருந்தான், ராஜா. அதத்தான் சொல்ல வர்றேன்.

இதுங்க எல்லாம் சப்புன்னு மூலையில நிக்குதே, ஒரு தலைமை இல்லாததுதான் காரணம்னு எனக்குப் பட்டுச்சு. செக்சன்ல ஒரு சூப்பர்வைசர் லீவு போட்டாலே வேல நடக்காது. உக்கடத்துப் பக்கம் ஒரு கடைக்குப் போயி, இருக்கறதுலயே மொரட்டு மீனாக் குடுங்கன்னேன். கடைக்காரரு ஒண்ணக் காட்டி, ஆரட்டஸ்ங்க, இது கொஞ்சம் கோவக்காரனுங்கன்னாரு. அப்படின்னா அதுதான் எனக்கு வேணும்னு வாங்கிட்டு வந்தேன். வந்தப்போ மத்ததுங்க மாதிரியே மஞ்சதான், மேல கறுப்புக் கோடு. மாசம் ஆக ஆக மஞ்சையெல்லாம் மறஞ்சு ஒடம்பே கறுத்துப்போயி, நீலமா ஒரு கோடு மட்டும் நின்னுச்சு. நான்தான் ராஜான்னு பேரு வெச்சேன். தொட்டிக்கு நடுவுல நின்னான்னா என்ன கம்பீரமுங்க.

மொதல்ல எனக்கு நெம்பப் பெருமை. சாந்தாமணியக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவ பாத்துட்டு, சரிங்கன்னுட்டுப் போயிருவா. அவளுக்கு அப்ப ஒடம்பு சரியில்லீங்க. வயித்துல புண்ணு. சோறு எறங்கறதில்ல. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனப்ப, மனசுல எதாச்சும் கஷ்டமாம்மான்னு அவளக் கேட்டாரு. அவளுக்கு என்னங்க கஷ்டம் டாக்டர், நாள் பூராவும் வூட்லதானே இருக்கறான்னு நான்தான் பதில் சொன்னேன். அவளுக்கு வெளியாளுங்ககிட்டப் பேச வராது.

அப்பறந்தான் ராஜா தன்னோட வேலயக் காட்டினான். தொட்டி பூராவும் அவனுதுங்க. யாரு எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்து முட்டறான். தீனி போட்டா, தான் தின்னு முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. வாலெல்லாம் கிழிஞ்சு தொங்குது மத்ததுங்களுக்கு. ஹீட்டருக்குப் பின்னால ஒண்ணு, பைப்புக்கு அடியில ஒண்ணு, தண்ணிக்கு மேல வாயப் பொளந்துட்டு ஒண்ணு. ஒளிய எடமில்ல பாருங்க. என்ன ஜென்மம் இது, கூட இருக்கறதுங்கள நிம்மதியாத் திங்க வுடாதான்னு எனக்கே ஆத்திரமா வரும். சாந்தாமணி அப்ப எனக்குச் சோறு போட்டுட்டுப் பக்கத்துல நிப்பா. பாரு இவன் பண்ற அக்குருமத்தன்னு சொல்லுவேன். நான் சாப்பிட்டுக் கை கழுவுனதுக்கப்பறந்தான் அவ உக்காருவா, அது அவளோட பழக்கம்.

தெனமும் காலைல தொட்டிக்கிட்டப் போகவே பயமா இருக்குமுங்க. இன்னிக்கு எது கெடக்குமோன்னு. லைட்டுப் போடறதுக்கு முந்தி கண்ண மூடிக்குவேன். சாயந்தரம் கௌசிகா வண்டி சத்தம் கேட்டா பேப்பர மொகத்துக்கு நேராப் புடிச்சுக்குவேன். செக்சன்ல அத்தன பேர நடுங்க வெச்சவன், பெத்த பொண்ணு வண்டி சத்தத்துக்கு நடுங்கறேன். அவ தொட்டியப் பாப்பா, உள்ள போயிருவா. திட்டினாலாவது தேவலைன்னு இருக்கும்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அந்த மீனுங்க என்னயக் கண்டா ஓடுதுங்க. நான் ஹாலுக்குள்ள காலெடுத்து வெச்சதும் எல்லாம் சிதறிப்போயி மூலைல ஒட்டிக்கும். சாந்தாமணி போனா மேல வரும், அவ வெரலக் கடிக்கற மாதிரி வந்து நிக்கும். நானும் மறைஞ்சு மறைஞ்சு, செருப்பக் கழட்டிட்டு, மூச்சு வுடாம எல்லாம் போயிப் பாத்தேன். ஓடுது. ராஜா ஒருத்தன்தான் ஓட மாட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு என்னயவே பாப்பான். அந்தப் பார்வ எனக்கு எங்கியோ பாத்த மாதிரி இருந்துச்சுங்க. எங்கன்னு தெரியல. அதுக்கப்பறம் அவனப் பாக்கவும் பயமாப் போச்சு.

சூலூர் வந்துருச்சா? பாத்தீங்களா, பேசிட்டே வந்ததுல தெரியல. பை சரியா இருக்குதுங்களா? சரி சரி.

அப்பறம் ஒரு பொட்டை மீனு. மஞ்சள்ல ஒண்ணு, தீனி போட்டாலும் வர்றதில்ல. ஒதுங்கி ஒதுங்கி நிக்குது. தாடை பொடைச்சுக்கிட்டு வாயி இறுக்கி மூடியிருக்குது. நாளாக நாளாக ஒடம்பு எளச்சுப்போயி தலை மட்டும் பெருசாத் தெரியுது. நான் கவனிச்சுட்டே வந்தேன். சாப்பிடாம ஒதுங்கி நின்னா அது சீக்குதானே? தொண்டையில பொரி மாட்டியிருக்கும்னு முடிவு பண்ணினேன். வலைல புடிச்சு, இடது கையில வெச்சுட்டு, ஊக்கோட மழுங்கின பக்கத்தால வாயத் தொறக்கலாம்னு பாத்தேன்.

சாந்தாமணி அடுப்படியிலிருந்து எப்படி வந்தாளோ தெரியாது. என்ர மணிக்கட்டப் புடிச்சுட்டா. கல்யாணமான நாளா அவ என்ர கையப் புடிச்சு நிறுத்தினதில்லீங்க தம்பி.

"விடுங்க. அது வாயில குஞ்சுங்க இருக்குது."

எனக்கு ஒண்ணும் புரியல. என்ன வாயில குஞ்சுன்னேன். என்ர கையிலிருந்து மீனப் புடுங்கித் தண்ணியில வுட்டுட்டு, மொகத்தப் பாக்காமயே சொல்றா. இந்தச் சாதி மீனு முட்டைய வாயிலயே வெச்சுக்குமாம். பொரிச்சு, குஞ்சு நீந்தற வரைக்கும் வாயிலயே வெச்சுக் காப்பாத்துமாம். அதுவரைக்கும் தாய் திங்காதாம். தொறந்தா மத்ததுங்க குஞ்சத் தின்னுப்போடும்னு பட்டினி கெடக்குமாம்.

"உனக்கெப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"கௌசிகா காட்டினா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவ ஈரக் கைய முந்தானையில தொடச்சுட்டு நின்னா. என்ர வூட்ல எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியறதில்லீங்க தம்பி. அம்மாளுக்கும் பொண்ணுக்கும் என்னென்னமோ தெரியுது. மீனு வாயில குஞ்சு இருக்கறது தெரியுது. எனக்கு யாரும் சொல்றதில்ல.

அன்னிக்குச் சாயந்தரம் கௌசிகா நேரா எங்கிட்ட வந்தா. எத்தனையோ மாசத்துக்கப்பறம் என்ர மொகத்தப் பாத்துப் பேசினா. "அப்பா, இனிமே தொட்டிய நாங்க பாத்துக்கறோம். நீங்க கை வெக்காதீங்க."

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. கைய ஓங்கிட்டேன். அடிக்கலீங்க, நான் அடிக்கற ஆளில்ல. ஓங்குவேன், அவ்வளவுதான். அவ நகரல. சாந்தாமணி நடுவுல வந்து நின்னுட்டா. ரெண்டு பேரும் என்னயவே பாக்கறாங்க. கத்தல, அழுகல. சும்மா பாக்கறாங்க. ஓங்கின கைய எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியல. கடைசில தலையச் சொறிஞ்சுட்டு சோபாவுல உக்காந்துட்டேன்.

அதுக்கப்பறம் கௌசிகா தொட்டியச் சரி பண்ணின விதத்தச் சொல்றேன், உங்களுக்கும் ஆகும். மறுபடியும் போர் தண்ணிதான். அந்த மீனுங்க பொறந்த ஏரியே அப்படித்தானாம், சுண்ணாம்புத் தண்ணியாம். நல்ல தண்ணிதான் அதுங்களுக்கு வெசமாம். ஆனா ஒரே நாள்ல மாத்தாம, தெனமும் ஒரு சொம்பு ரெண்டு சொம்பா, வாரக்கணக்கா ஊத்தினா. அவளுக்குப் பொறுமை சாஸ்தி, அவங்கம்மா மாதிரி. பொரிய நிறுத்திட்டு, அதுங்களுக்குன்னு விக்கற பாசித் தீனி போட்டா. கல்லக் கொண்டாந்து மறுபடியும் அடுக்கினா, இந்தத் தடவ தண்ணி மட்டம் வரைக்கும். ஆனா பழைய எடத்துல ஒரு கல்லக்கூட வெக்கல. எல்லாத்தையும் மாத்தி அடுக்கினா.

அதுக்கு முந்தி ராஜாவ எடுத்து வெளிய வெச்சுட்டா. பொடக்காலியில ஒரு பிளாஸ்டிக் தொட்டியில, தனியா.

ஏங்கண்ணு இப்படின்னு கேட்டேன். அவ சாந்தமாத்தான் சொன்னா. இவன் இருக்கறப்பக் கல்ல மாத்தினா, அதையும் தன்னுதுன்னு புடிச்சுக்குவானாம். கொஞ்ச நாளு தள்ளி வெச்சுட்டா, மத்ததுங்க பயமில்லாம ஆளுக்கொரு எடம் புடிச்சுக்குமாம். அப்பறம் கடைசியா இவனக் கொண்டாந்து வுட்டா, இவன் வெச்சுட்டுப் போன எதுவுமே அங்க இருக்காதாம். புதுசா வந்தவன் மாதிரி அடங்கி இருப்பானாம்.

அப்பவும் அடங்கலைன்னா என்னன்னு கேட்டது நானில்லீங்க. சாந்தாமணி. அரிசி பொடைச்சுட்டு இருந்தவ, முறத்த நிறுத்திட்டுக் கேட்டா. "அப்பவும் அப்படியே இருந்தா என்ன பண்றது கண்ணு?"

"வேற யாருக்காச்சும் குடுத்தற வேண்டியதுதாம்மா. சிலது தனியாத்தான் இருக்க முடியும்."

எனக்கு ரோமமெல்லாம் குத்திக்கிச்சுங்க. எதுக்குன்னு தெரியல. மீனப் பத்தித்தான் பேசறாங்க.

நான் பொடக்காலியில போயி ராஜாகூட உக்காந்துக்குவேன். வேற யாரு இருக்கா அவனுக்கு? மொத நாளெல்லாம் தொட்டிச் செவுத்துல மோதினான். வெரட்ட ஒருத்தரும் இல்லீங்கல்ல. அப்பறம் ஒரு மூலையில போயி நின்னுட்டான். கறுப்பு வெளுத்துப்போச்சு. நீலக் கோடு எங்கன்னு தேடணும். தீனி போட்டா பாக்கறான், திங்கறதில்ல. என்ர நெழலு பட்டாக்கூடப் பதறறான். ராஜாவும் பயப்படுவான்னு எனக்கு அன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுச்சு. அவன் எப்பவும் பயந்துட்டேதான் இருந்திருப்பானோ என்னமோ. பயந்துட்டுத்தான் அத்தனையும் வெரட்டினானோ. மீனு என்னத்தச் சொல்லப்போகுது.

அப்ப ஹாலுல சிரிப்புச் சத்தம் கேக்கும். சாந்தாமணி சிரிக்கறா. அவ சிரிச்சா எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுங்க, யாரோ ஒறம்பரை வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன். என்னன்னு பாக்கலாம்னு எந்திரிச்சுப் போனா, வாசப்படியத் தாண்டறதுக்குள்ள நின்னுபோகும். தொட்டியில பொடிப்பொடியா குஞ்சுங்க, கல்லு சந்துலிருந்து எட்டிப் பாத்துட்டு இருக்கும். என்னயக் கண்டதும் உள்ள போயிரும். நான் ஒண்ணும் பண்ணலியே, சும்மாதானே நிக்கறேன்னு சொல்லணும்போல இருக்கும். யாருகிட்டச் சொல்றது? மறுபடியும் பொடக்காலிக்கே வந்துருவேன்.

ராஜாவத் திரும்ப வுட்டாங்க. வுட்டப்போ நானும் பக்கத்துல நின்னேன், தூரமா. அவன் நேரா தன்னோட பழைய எடத்துக்குத்தான் போனான். அங்க வேற கல்லு. சுத்திச் சுத்தி வந்தான். ஒரு பொந்துக்குள்ள தலைய வுட்டான், உள்ள ஒரு மஞ்ச மீனு. அது ஓடல தம்பி. வாயத் தொறந்துட்டு அப்படியே நின்னுச்சு. இவன்தான் பின்னால வந்தான். கடைசில ஓரத்துல, ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில போயி ஒண்டிக்கிட்டான். இப்ப அவன் பாட்டுக்கு இருக்கறான், மத்ததுங்க தின்னதுக்கப்பறம் வந்து திங்கறான். அன்னிக்கு அதப் பாத்துட்டுக் கௌசிகாவும் அவங்கம்மாளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

அதுக்கப்பறந்தானுங்க, அந்த வாரத்துலயே சாந்தாமணி சொன்னா, கொஞ்ச நாளைக்கு அக்கா வூட்டுக்குப் போயிட்டு வாங்கன்னு. எனக்கு ஓய்வு வேணுமாம். அவளேதான் பை அடுக்கினா. வேட்டி சட்டையெல்லாம் மடிச்சு வெச்சா, மாத்திரை வெச்சா. கம்பளிக் குல்லாக்கூட வெச்சுட்டா. பனிக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்குது. எதுக்கும் இருக்கட்டுமுங்கன்னா. எத்தன அக்கறை பாருங்க.

கெளம்பறப்ப வாசல்ல ஒரு ஆசாரி நின்னுட்டு இருந்தான், பையில ஆணியும் தாழ்ப்பாளும் வெச்சுட்டு. கௌசிகா ரூமுக்காம். வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன், கௌசிகா என்னயப் பாத்தா, சரின்னு படியெறங்கிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு வூட்டுக்குப் போன் போட்டேன். பஸ் ஏறப்போறேன்னு சொல்லத்தான். சாந்தாமணிதான் எடுத்தா. போன்ல ஒரே சத்தம், கரகரன்னு எதையோ தரையில இழுக்கறாங்க. என்ன சத்தம்னு கேட்டேன். "வூட்டக் கொஞ்சம் மாத்தி வெக்கறமுங்க. கட்டிலு, சோபா எல்லாத்தையும்." என்ர நாற்காலி எங்கன்னு கேட்டேன். தொட்டிக்கு எதுத்தாப்ல, நான் எப்பவும் உக்கார்ற நாற்காலி, அது அங்க இல்லீன்னா எனக்குப் பேப்பரு படிக்க ஓடாது. இழுக்கற சத்தம் நின்னுபோச்சு. அப்பறம், வந்து பாத்துக்கலாமுங்கன்னா. எப்ப வர்றதுன்னேன். நாங்க கூப்படறமுங்கன்னு வெச்சுட்டா.

நீங்க எதுக்கு இப்படி என்னயப் பாக்கறீங்க? மீனையும் இதையும் நான் சேத்துப் பேசலீங்க. நீங்க மீனு வெச்சிருந்தீங்க, அதனால சொன்னேன். ரெண்டும் வேற வேற. அவங்களுக்கு என்மேல என்ன கோவம் இருக்கப்போகுது. நான் என்ன பண்ணினேன்?

குண்டடம் தாண்டிருச்சு. இன்னும் செத்த நேரந்தான். அக்கா வூட்ல மச்சான் இருப்பாரு, வாங்க மாப்ளன்னுவாரு. எத்தன நாளைக்குன்னு கேப்பாரு. கேக்கத்தானே செய்வாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க.

நான் பாட்டுக்குப் பேசிட்டே வர்றேன், உங்களக் கேக்கவேயில்ல. உள்ள எத்தன மீனுங்க, ஒண்ணுதானா? ஒத்த மீனத் தூக்கிட்டு இத்தன தூரம் போறீங்களே, தாராபுரத்துல யாருக்கு? சிநேகிதருக்கா? அவருகிட்டக் காலியா ஒரு தொட்டி இருக்குதாக்கும். ஓ. ரொம்ப வெரட்டுச்சா உங்க வூட்டுதும்? கல்ல மாத்தி வெச்சுப் பாத்தீங்களா? தள்ளி வெச்சுப் பாத்தீங்களா? அப்பவுமா?

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பிப் போயி எடுத்துட்டு வந்துருவீங்கதானே? ஒருவேள அடங்கியிருந்தா? நல்லா அடங்கியிருந்தா?

சரி, சொல்ல வேண்டாமுங்க. நீங்க ஜன்னலையே பாருங்க.

அந்தப் பேப்பர ஒரு ஓரமா வெலக்குங்க, பாக்கறேன். பாருங்க, எப்படி வெளுத்துப்போயி அடியில ஒட்டிட்டுக் கெடக்குது. எங்க போறோம்னு அதுக்கு என்ன தெரியும். இப்படிக் குடுங்க தம்பி, எறங்கற வரைக்கும் நான் மடியில வெச்சுக்கறேன். இல்லீங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா வெச்சுக்கறேன். பயந்துட்டு இருக்குது.